ஷ்டோலன் உடைந்த வருடம்

என் கணவர் எக்கார்ட் இயற்பியல் வாத்தியார். பத்திரிகையில் ராசிபலன் வரும் பக்கத்தைக் கிழித்து, ஈரம் உறிஞ்சுவதற்காக ஷூவுக்குள் திணிப்பார். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சாக்சன் மலையூரில் அவரைவிடப் பயந்த மனிதர் கிடையாது.

காரணம் ஷ்டோலன். திராட்சையும் வெண்ணெயும் போட்டு, கைக்குழந்தை நீளத்துக்குச் செய்யும் கிறிஸ்துமஸ் ரொட்டி. மாவு எங்களுடையது, அடுப்பு பேக்கரிக்காரருடையது. சுட்டதை நீளப் பலகையில் அடுக்கி, தோளில் சுமந்து வீடு சேர்க்க வேண்டும். வழியில் ஒன்று உடைந்தாலும், அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அந்த வீட்டில் ஒரு சாவு. இதை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பலகைக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

"எல்லாம் விசையும் அதிர்வும்தான்" என்பார் எக்கார்ட், பூனைபோல் அடி வைத்துக்கொண்டே.

போன டிசம்பரில் வாசற்படியில் வழுக்கினார். நடுவிலிருந்த ஷ்டோலன் இரண்டாகப் போனது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றுபோல எக்கார்ட்டின் பெரியப்பா ஆர்னோவைத் திரும்பிப் பார்த்தோம். அவருக்கு எண்பத்து நான்கு வயது.

"என்னை ஏன்டா பாக்குறீங்க?"

"சும்மாதான் பெரியப்பா. குளிருதா? போர்வை தரட்டுமா?" என்றார் எக்கார்ட்டின் அக்கா ஜீக்லிண்டே.

"போர்வையா, இல்ல பெட்டிக்கு அளவு எடுக்கறியா?"

அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு ராஜோபசாரம். கிறிஸ்துமஸ் வாத்து வறுவலில் கால் அவருக்கு. ஞாயிறுதோறும் கேக். வருடக்கணக்காகப் பேசாத இன்னொரு தம்பி மகன் வந்து மன்னிப்புக் கேட்டான். சுவர்க் கடிகாரம் யாருக்கு என்றும் கேட்டான். நன்றாகச் சதை போட்ட பெரியப்பா, "அடுத்த வருஷமும் ஒண்ணு உடைங்கடா" என்றார்.

எக்கார்ட் மட்டும் சிரிக்கவில்லை. அடிக்கடி போய்ப் பெரியப்பாவின் மாத்திரைகளைச் சரிபார்த்தார். மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். "நான்தானே உடைச்சேன். இந்த வருஷத்தை அவர் தாண்டிடணும்" என்றார் என்னிடம், ஒரே ஒரு முறை.

நவம்பரில், வகுப்புக்குப் போகும் வழியில், எக்கார்ட் விழுந்தார். இதயம்.

"பாத்தியா, தப்பலையே" என்று என் கையைப் பிடித்து அழுதார் ஜீக்லிண்டே அண்ணி. அழுகையில் லேசான திருப்தி இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் காபியோடு தலையாட்டினார்கள்.

பெரியப்பா மூலையில் இருந்தார். "எனக்குன்னு வெச்சத அவன் எடுத்துக்கிட்டான்" என்றார். அதோடு சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சூப்பை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

அடுத்த மாதம் பேக்கரிக்குப் போனோம். தனியே விட முடியாததால் பெரியப்பாவையும் கூட்டிப் போனோம். பலகை தூக்க நான்கு பேரை ஏற்பாடு செய்திருந்தார் அண்ணி, சவப்பெட்டிக்குச் செய்ததுபோலவே. அவர்கள் குனிந்தபோது, நான் முன்னால் போய் முதல் ஷ்டோலனை எடுத்து இரண்டாக உடைத்தேன்.



"அடிப்பாவி! மூணு வாரம் வெச்சுல்ல வெட்டணும்!" என்று அலறினார் அண்ணி. அப்புறம்தான் நினைவு வந்து, "இப்ப யாருக்குடி?" என்றார்.

"பசிக்கிறவங்களுக்கு" என்று பாதியைப் பெரியப்பாவின் கையில் வைத்தேன். "சாப்பிடுங்க மாமா. அவர் ஒண்ணும் உங்க பங்கை எடுத்துக்கிட்டுப் போகல."

அவர் உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு விள்ளல் பிட்டு மென்றார்.

"திராட்சை பத்தல" என்றார். மறுபடி பிட்டார்.