உண்ணாமலையின் தட்டு பாஷை

பகல் பாசஞ்சர் போனதும் உண்ணாமலை தூக்குச்சட்டியுடன் அரியலூர் ஸ்டேஷனுக்குள் நுழைகிறாள். பிளாட்பாரத்தில் யார் கையையும் பிடிப்பதில்லை. தந்தி அறை வாசலில் நின்று, உள்ளே மிஷின் கடகடப்பதைக் கொஞ்ச நேரம் கேட்கிறாள்.

"செந்துறைக்காரருக்கு இன்னைக்கு வூட்ல சண்டை போலிருக்கு. என்னமா குத்துறாரு பாருங்க." செந்துறை ஸ்டேஷனில் தந்தி தட்டுகிறவரைச் சொல்கிறாள்.

உள்ளே தந்தி குமாஸ்தா காசிநாதன் சிரிக்கிறார். இவள் புருஷன்.

என் தங்கை ஜெகதாம்பாளுக்கு இரண்டே பிள்ளைகள். இவளும், இவளுக்கு இளையவன் பஞ்சநாதனும். ஏழு வயதில் அம்மை வந்து இவளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

தந்தி பழக வருகிறவர்களுக்குப் புஸ்தகம் உண்டு. பெண்டாட்டிக்குக் காசிநாதன் தனிப் பாடம் கட்டினார். எல்லாம் அவள் சொந்தக்காரர் பெயர்கள். மணிக்கட்டில் விரலால் தட்டித் தட்டி முதலில் அவள் பெயர், பிறகு தாய் பெயர், தம்பி பெயர். தட்டுக்குள் இருப்பது இங்கிலீஷ் எழுத்து என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. "அது தட்டு பாஷை மாமா" என்கிறாள். ஒரு நாள் என் கையைப் பிடித்து என் பெயரைத் தட்டிக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன தை மாதம் நடந்ததற்கு முன் அதெல்லாம் ஒன்றுமில்லை. பஞ்சநாதன் விஷக்காய்ச்சலில் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பத்து நாளாக இவள் சோறு கொண்டுவந்தால் வீடு திரும்புவதில்லை. மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அன்று நானும் இருந்தேன். மிஷின் தட்டியது.

"தம்பி பேரு வருது மாமா" என்று என் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியது.

காசிநாதன் எழுதி முடித்துத் தாளை மடித்தார். பஞ்சநாதனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்களாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

"அந்த வார்த்தை வந்துச்சுங்களே" என்றாள் இவள்.

"அதை நான் உனக்குச் சொல்லியே தரலியே" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து, அவர் கையிலிருந்த தாளை இன்னும் சின்னதாக மடித்தார்.

"நீங்க தரலீங்க. அது வந்தா உங்க பென்சில் சத்தம் செத்த நின்னு, அப்புறந்தான் எழுதும். காலரா சமயத்துல சாவுச் சேதி வர்றப்போ எத்தினி தடவை கேட்டிருக்கேன்."

மிஷின் பாட்டுக்கு அடுத்த சேதியைத் தட்டிக்கொண்டிருந்தது. உண்ணாமலை கொண்டைக்குக் கையைக் கொண்டுபோய், கனகாம்பரச் சரத்தை உருவி, அவர் மேசைமேல் வைத்தாள்.