நாற்பத்தோராவது அழைப்பு

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எழுதி முடித்த நோட்டுப் புத்தகங்கள் பத்தொன்பது. கணினியே எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும்போது இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: "என்ன நடந்துச்சுன்னு கணினி எழுதும். ஏன் நடந்துச்சுன்னு எழுதாது." அதனால் தொலைநோக்கி நிலையத்தில் அவருக்குப் பதிவேட்டக்கா என்று பெயர் விழுந்தது. ஒன்பது வயது மூத்த சக பணியாளரும் அக்கா என்றே அழைத்தார். அந்த மனிதரின் பட்டப்பெயர் மேகம். அவர் பணிக்கு வரும் நாளில் வானம் மூடிக்கொள்ளும் என்பது நிலையத்தாரின் நம்பிக்கை. அது பொய் என்பதை அக்கா நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிக் கூட்டிக் காட்டியிருந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அக்காவின் வேலை விநோதமானது. வெகுதொலைவில் இரண்டு இறந்த விண்மீன்கள் மோதிக்கொண்டால் விண்வெளியே அதிரும். அந்த ஈர்ப்பு அலையை உணரும் கருவிகள் வேறு நாடுகளில் இருக்கின்றன. உணர்ந்ததும் அவை உலகுக்கெல்லாம் செய்தி அனுப்பும்: வானத்தில் இந்தப் பக்கம், எங்கோ. அந்த 'எங்கோ'தான் வில்லங்கம். கதவு எண் இல்லாமல் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்ற வேலை. மோதலில் காமாக் கதிர் எழுந்ததா என்று அக்கா தேட வேண்டும். அந்தக் கதிர் தரையை எட்டாது. காற்றில் மோதி, இமைப்பொழுதில் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத நீல மினுக்கத்தை விட்டுச் செல்லும். அதைத்தான் நிலையத்தின் பெரிய கண்ணாடிகள் பிடிக்கும். நிலா எழுந்துவிட்டால் அதுவும் முடியாது. மூடிபோட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான்.

கணவர் மருத்துவமனையில் பகல்நேரச் செவிலியர். அவர் செருப்பு மாட்டும்போது இவர் செருப்பு கழற்றுவார். படுக்கையறைச் சன்னலில் இரண்டடுக்குக் கறுப்புத் துணி. மகள் பள்ளிக்குக் கிளம்பியபடியே தினமும் கேட்பாள்:

"என்னம்மா, இன்னைக்கும் பூஜ்யமா?"

"பூஜ்யம்தான்டி. நீ கிளம்பு."

அப்படி வந்தவை நாற்பது அழைப்புகள்; தேடியும் கதிர் கிடைக்காத நாற்பது பூஜ்யங்கள். இந்தத் தேடலுக்கென ஆண்டுக்கு ஐம்பது மணிநேர இருள் ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னொரு ஆய்வுக் குழு அதன்மேல் கண் வைத்திருந்தது. யாருக்கு என்று ஒதுக்கீட்டுக் குழு அடுத்த மாதம் தீர்மானிக்கும். அக்காவுக்கு அந்த ஐம்பது மணிதான் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை.

நாற்பத்தோராவது அழைப்பு மாலை ஏழு இருபத்து நான்குக்கு வந்தது. இருட்டியிருந்தது. ஒன்பது நாற்பதுக்கு நிலா எழும். திரையில் வான்வரைபடம் இரண்டு துண்டுகளாக விரிந்தது. கிழக்கே ஒரு நீண்ட துண்டு. மோதல் அங்கே இருக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. அதைப் பார்த்து முடிக்கத் தொலைநோக்கிக்கு ஆறு நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். மேற்கே ஒரு சின்னத் துண்டு. இருபத்தைந்து வாய்ப்பு, இரண்டே நிறுத்தம். சோதனைக்காகத் தொலைநோக்கி ஏற்கெனவே மேற்கைத்தான் பார்த்து நின்றது.

"மூக்குக்கு நேரா இருக்கே, இதை முடிச்சிட்டே திரும்பலாமே," என்றார் மேகம், நாற்காலியில் சாய்ந்தபடி.

"அண்ணே, உங்களுக்குப் பொத்தான அமுக்கக்கூட வலிக்குது. அறுபது பெருசா, இருபத்தஞ்சு பெருசா?"

"கணக்கு வாத்தியார்கிட்ட வாயக் குடுத்தது என் தப்பு."

வாய்ப்பு மிகுந்த இடம் முதலில் என்ற விதியைக் கணினி நிரலில் எழுதியவரே அக்கா. ஏழு ஆண்டுகளாக அது மாறவில்லை. தொலைநோக்கி கிழக்கே திரும்பியது. எட்டேகாலுக்கு மேற்குத் துண்டு, கண்ணாடிகள் தாழக்கூடிய எல்லைக்குக் கீழே இறங்கிப்போனது. ஆறு நிறுத்தங்களும் முடிந்தன. ஒன்றும் இல்லை.

மறுநாள் நண்பகல் தொலைபேசி அடித்தது. மேகம்.

"அக்கா, தூங்குறீங்களா?"

"தூங்கிட்டிருந்தேன்."

"வேறொரு நிலையத்துல புது வெளிச்சம் ஒண்ணு கண்டுபிடிச்சுட்டாங்க. மோதல் நடந்த இடம் அதுதானாம். மேற்குல."

அக்கா கறுப்புத் துணியை விலக்கினார். வெயில் முகத்தில் அறைந்தது. மறையப்போகும் துண்டை முதலில் பார்த்திருந்தால் நாற்பது நிமிடம் போதுமாக இருந்திருக்கும். கிழக்கிலும் நான்கு நிறுத்தங்களுக்கு நேரம் மிஞ்சியிருக்கும். சோம்பலில் பிறந்த யோசனை சரி; கணக்கில் பிறந்த விதி தப்பு. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மாலை இருட்டியதும் அந்த இடத்தை நாற்பது நிமிடம் பார்த்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எழுந்திருந்தாலும் முதல் சில மணிகளில் எழுந்து அடங்கியிருக்க வேண்டிய கதிர் அது.

பதிவு எழுதும் நேரம் வந்தது. மேகம் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மேற்குத் துண்டு எல்லைக்குக் கீழ போயிடுச்சுன்னு எழுதுங்க. பொய்யில்லையே. இதைப் படிக்கிற ஒதுக்கீட்டுக் குழு எதையும் கிண்டாது."

"எட்டேகாலுக்குத்தான் போச்சு. ஏழு இருபத்து நாலுக்கு மேலதானே இருந்துச்சு?"

"யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்ண்ணே. நாளைக்கு இதைத் திறக்கிறப்போ."

முடிவு என்ற கட்டத்தில் இதுவரை நாற்பது முறையும் பூஜ்யமே விழுந்திருந்தது. நாற்பத்தொன்றில் அவர் பூஜ்யம் போடவில்லை. 'முதல் இரவில் பார்க்கவில்லை. வாய்ப்பை எண்ணினேன், மறையும் நேரத்தை எண்ணவில்லை. விதி என்னுடையது' என்று எழுதினார். பேனா தாளை ஓரிடத்தில் கிழித்தது.

ஒதுக்கீட்டுக் குழுவின் கடிதம் மூன்று வரிகள்தான். பதிவு நேர்மையானது. தேடல் முறை நம்பத்தக்கதாக இல்லை. அடுத்த ஆண்டுக்கு இருபது மணிநேரம்.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தீங்க," என்றார் மேகம். அன்று சிரிக்கவில்லை.

"ஊதாமலே அது கெட்டுத்தான் கிடந்துச்சு," என்றார் அக்கா எரிச்சலோடு. மறையப்போவது முதலில் என்று நிரலைத் திருத்தினார். நான்கே வரிகள். பத்து நிமிட வேலைக்கு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறுநாள் காலை மகள் வாசலில் நின்று வழக்கம்போலக் கேட்டாள்: "பூஜ்யமா?"

"நேத்து அழைப்பே வரல. பாத்தாத்தான்டி பூஜ்யம்."

"அப்ப என்னன்னு எழுதுவே?"

"ஒண்ணும் எழுதமாட்டேன். போ, பஸ் போயிடும்."

இருபதாவது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று எண்ணிட்டு, எதிரே கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அதன் மேல்முனையில் மட்டும் சின்ன எழுத்தில்: மீதம் இருபது மணி.