வீட்டுப் பாலில் ஒரு பங்கு

மலேசியாவின் கோலசிலாங்கூரில், செகிஞ்சான் ஊருக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில், நிறுத்தத்துக்கு எதிரிலுள்ள பாய் கடையில் தேநீர் அருந்துகிறேன். அஞ்சலை என்ற ரப்பர் தோட்டத்துப் பெண்மணி மூடிய செம்பொன்றை ஏந்தியபடி உள்ளே வருகிறார்.

"பாய், புது வீட்டுல பால் காய்ச்சியாச்சு. சாமிக்கு அடுத்தது உங்களுக்குத்தான்."

"சொந்தக்காரங்க இருக்க எனக்கு எதுக்கு, தங்கச்சி?"

"நீங்க கட்டுன கடை வரியும் சேர்ந்துதானே அந்த வீடு எழும்புச்சு?"

விசாரிக்கிறேன். ரப்பர் மரம் சீவிய அஞ்சலை இம்மாதம் ஓய்வு பெறுகிறார். வேலை முடிந்தால் தொழிலாளருக்கென்று தோட்டம் தந்திருந்த லயத்து வீட்டையும் நிர்வாகத்திடம் திருப்பித் தந்துவிட வேண்டும். கணவர் இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. ஊரார் செலுத்தும் வரியில் ஒரு பகுதியை மாவட்ட மன்றம் ஒதுக்கி, மாநில அரசு தந்த நிலத்தில் மலிவு வீடுகளைக் கட்டியிருக்கிறது. அவருடைய சேமநிதிக்கு எட்டும் விலை. அந்த ஒதுக்கீடு இல்லாதிருந்தால், ஓய்வு அவரைத் தெருவில்தான் நிறுத்தியிருக்கும்.

பாய் தலையைச் சொறிகிறார். "ஒவ்வொரு தடவையும் திட்டிக்கிட்டேதான் கட்டினேன் லா."

"திட்டிக்கிட்டாவது கட்டுனீங்களே! இனிமே எனக்கும் என் பேரு போட்டு வரிச்சீட்டு வரும், பாய். நானும் நல்லாத் திட்டுவேன்."

கடையே சிரிக்கிறது. அஞ்சலை செம்பிலிருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்ட, பாய் கல்லாவை விட்டு எழுந்து அதை இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார். வெளியே பேருந்து வந்து நிற்கிறது. அவர் குடித்து முடிக்கும்வரை எனக்கு எழ மனம் வரவில்லை.