ஆளுக்கு அரை மாத்திரை

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்த காலம் எனக்கு நினைவில்லை. நைனாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, தங்கையின் தைராய்டு மாத்திரை, என் தூக்க மாத்திரை எல்லாம் அதில்தான். என்னுடையதை டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். காலி அட்டையைக் காட்டினால் மெடிக்கல்காரர் புது அட்டை தருவார். நாலு வருஷமாக அந்த ஒரு வாரம் முடியவில்லை.

செஞ்சியில் இது பெரிய விஷயமில்லை. மேல்மலையனூர் போகும் அமாவாசை பஸ்ஸில் தலைவலி என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் பையைத் திறப்பார்கள்.

போன வருஷம் ஒரு காலையில், பால் வாங்கி வந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த நைனா எழுந்திருக்கவில்லை. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு பிரஷர் ஏறிவிடுமே என்று எல்லோருக்கும் பயம். என் அட்டையிலிருந்து அரை மாத்திரையை டீயோடு கொடுத்தேன். தங்கையும் அதே அட்டையிலிருந்து அரை கொடுத்திருக்கிறாள். எதிர்வீட்டு அக்கா தன்னுடையதிலிருந்து அரை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு அம்மா உள் அறையில் தூங்கிப்போனாள். "பாவம், நல்லா தூங்குது" என்று வந்தவர்கள் மெதுவாகப் பேசினார்கள். மேளக்காரர்களைத் தெருமுனைக்குப் போய் அடிக்கச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். அம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். கண்ணைத் திறந்து "இன்னாடா?" என்றாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

"வுடுடா. எழுந்தா அந்த உடம்பு தாங்காது" என்றார் பெரியப்பா. பனமலையிலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

வாய்க்கரிசி போடும்போது தங்கை ஒரு பிடி அரிசியை உள்ளே எடுத்துப்போனாள். அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, பிறகு திறந்து எடுத்துவந்து நைனாவின் வாயில் போட்டாள். முறைப்படி எல்லாம் நடந்துவிட்டது என்றார் பெரியப்பா. நானும் தலையாட்டினேன்.

கொள்ளி வைத்துவிட்டு நான் வீடு திரும்பியபோது கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். உள்ளே அம்மா எழுந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி முடியை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க நைனாவ எப்படா எடுக்கப் போறீங்க? அதுக்குள்ள என்னை ஒரு வாட்டி அவரு பக்கத்துல உக்கார வையி."

அம்மா நிமிர்ந்து என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தங்கை அவசரமாக டப்பாவைத் திறந்து, அரை மாத்திரை உடைத்து நீட்டினாள்.

"வேணாம்டி. இப்பவாவது என்னை அழ வுடுங்க."

ஈரம் காயாத கூடத்துக்கு வந்து, நைனாவைக் கிடத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்து அம்மா அழுதாள். நைனா செத்ததைக்கூடத் தாங்கியவன் நான். அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. தங்கையின் கையில் அந்த அரை மாத்திரை இன்னும் இருந்தது. வாங்கி நான் போட்டுக்கொண்டேன்.