ஓட்டத்தானே வாங்குகிறீர்கள்?

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியிருந்தோம். டவுனில் இருந்த ஏஜென்சியில் என் கணவர் நெல் கதிரடிக்கும் மிஷின் ஒன்று வாங்கினார். அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாடகைக்கு ஓட்டுவார். அதைத் துடைத்து எண்ணெய் போடுகிற அக்கறையில் பாதியை என்னிடம் காட்டக்கூடாதா என்று குத்திக்காட்டுவேன். சிரித்துக்கொண்டே துடைப்பார்.

சில வருஷங்களில் நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார். கடைசியாக என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“எனக்கு அப்புறம் மிஷின வித்துடு. ஆனா ஓட்றவனா பாத்துக் குடு. பிரிச்சி கிரிச்சி போட்டுறாத.”

சரி என்று தலையாட்டினேன். அந்த வாரமே போய்விட்டார்.

விற்கப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஏஜென்சியை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் மிஷினைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பதில் தெரிந்ததும் மோரைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். பழைய மிஷினை எடுத்துக்கொண்டு புதியது தருகிற இன்னொரு கம்பெனி ஏஜென்ட்கூட, எங்களுடையது எந்தக் கம்பெனி மிஷின் என்று தெரிந்ததும் கையை விரித்துவிட்டார். நன்றாக ஓடுகிற மிஷினுக்கு இந்தக் கதியா என்று ஆத்திரமாக வந்தது. பழைய இரும்புக்காரர் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர் வந்தார். நெல்லை உதிர்க்கிற உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தார், அதன் பற்களைத் தடவிப் பார்த்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“ஓட்டத்தானே வாங்கறீங்க?” என்றேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

“பொய் சொல்ல மன்சு வரலம்மா. என்னாண்ட இதே மிஷின் ஒண்ணு கீது. உருளை ஒடஞ்சி சும்மா குந்திகினு கீது. ஏஜென்சி மூடனதுலேர்ந்து நான் அலையாத எடமில்ல. இத்தப் பிரிச்சாதான் அது ஓடும்.”

கணவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். “அப்ப வேணாம்மா” என்று எழுந்துவிட்டார். அந்த மனசுதான் என்னை அசைத்தது. உள்ளே போய் அழுது தீர்த்துவிட்டு வந்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

அடுத்த அறுவடைக்கு அவரே வந்து அழைத்துப் போனார். களத்தில் மிஷின் ஓடத் தொடங்கியது. கண்ணை மூடினால் என் வீட்டு மிஷினின் சத்தம். திறந்தால் யாரோ ஒருவர் கதிரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையாருக்கு எடுத்துவைக்கும் முதல் நெல்லை அந்த விவசாயி என் முந்தானையில் போட்டார். அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன்.

ஓட்டுகிறவருக்குத்தான் கொடுத்தேன், பிரிக்கவும்தான் கொடுத்தேன். நீ செய்தது சரிதான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல வேண்டிய ஒருவர்தான் இல்லை.