ரெஜ் அஷ்வொர்த்தின் மஞ்சள் ஷூ உறை

ரெஜ் அஷ்வொர்த்தின் கால்விரல்கள் செத்துக்கிடப்பதை முதலில் பார்த்தது நான்தான். நவம்பர் மாதம், இரண்டாவது ஞாயிறு. சைக்கிள் கூட்டம் மேட்டுச் சாலைகளில் ஐம்பது மைல் சுற்றிவிட்டு ஒரு மணிக்குத் தேவாலயக் கூடத்துக்குத் திரும்பியது. அங்கே பதினோரு வருஷமாக நான்தான் டீ போடுகிறேன். மற்றவர்கள் கேக்குக்கு முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். ரெஜ் மட்டும் மூலையில் உட்கார்ந்து வெறுங்காலை, கூடத்தைச் சூடாக்கச் சுவரோரம் ஓடுகிற வெந்நீர்க் குழாய் மேல் வைத்திருந்தான். அந்தக் குழாயில் நான் விரல்கூட வைக்க மாட்டேன், தோல் வழன்றுவிடும்.

“யோவ், கால எடு! வெந்துரும்!”

அவன் குனிந்து பார்த்தான். எடுத்தான். பாதம் சிவந்திருந்தது. நான்கு விரல்கள் மட்டும் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. ஒன்றைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினேன்.

“வலிக்குதா?”

“எதுக்கு?”

“கிள்ளிட்டிருக்கேன்.”

“அப்படியா?” என்றான்.

பின்னாலிருந்து எவனோ, “மேவிஸ்கிட்ட கால் காட்டணும்னா வரிசைல நிக்கணுமா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜ் சிரிக்கவில்லை. ஏப்ரலிலிருந்தே அவன் சிரிக்கவில்லை.

ஏப்ரலில் பெரில் செத்துப்போனாள். அவன் மனைவி. என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, ஆற்றை ஒட்டிய வரிசையில் அவர்கள் நாற்பத்தாறு வருஷம் குடியிருந்தார்கள். ரெஜ்ஜும் நானும் ஒரே பள்ளிக்கூடம், பதினைந்து வயதில் ஒரே நாளில் அதை விட்டோம். எனக்கு எழுத்து சரியாக ஏறவில்லை, அவனுக்குக் கணக்கு ஏறவில்லை. நான் வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு செய்யும் ஆலைக்குப் போனேன். அவன் நகராட்சி இடுகாட்டில் புல் வெட்டப் போனான். முப்பத்துநான்கு வருஷம் வெட்டினான். பெரில் கிடக்கிற வரிசையையும் ஒரு காலத்தில் அவன்தான் வெட்டிக்கொண்டிருந்தான். இப்போது வேறு யாரோ வெட்டுகிறார்கள். சரியாக வெட்டுவதில்லை என்று ஒரு முறை சொன்னான். அவளைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

வாரம் முழுவதும் திரைச்சீலை மூடியே இருக்கும். பீன்ஸ் டப்பாவைத் திறந்து அப்படியே கரண்டியால் சாப்பிடுவான், சூடுகூடப் பண்ண மாட்டான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மட்டும் அந்த வீட்டுக் கதவு திறக்கும். பிட்டத்தை ஒட்டிப் பிடிக்கிற கறுப்புக் கால்சட்டை, அந்த வயதில் ஒருவருக்கும் பொருந்தாது, அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். அந்த நான்கு மணி நேரம்தான் அவன் மனிதர்களோடு இருந்தது. அதுவும் நின்றுவிட்டால் அந்தக் கதவு திறக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். என் புருஷன் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நான் கதவைத் திறந்தது பால் எடுக்க மட்டும்தான்.

மருத்துவமனையில் கால் பார்க்கிற நர்ஸ் அவனிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இப்படியே வெளுத்துக்கொண்டிருந்தால் சுண்டுவிரல் போய்விடும். காலைச் சூடாக வைத்துக்கொள்ள முடிந்தால் ஓட்டலாம். முடியாவிட்டால் மார்ச் வரை சைக்கிளைத் தொடக்கூடாது.

கூட்டத்துக்குத் தலைவன் டெரெக், கூரை வேலை செய்கிறவன், ஐம்பது வயது. நல்லவன்தான், ஆனால் விழுவதைப் பொறுக்க மாட்டான். இவர்கள் ஷூவின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அது பெடலில் பூட்டிக்கொள்ளும். நிற்பதற்கு முன் குதிகாலை வெளியே திருப்பி விடுவிக்க வேண்டும். கால் மரத்துப்போனவனுக்கு விட்டதா விடவில்லையா என்று தெரியாது. ரெஜ் அந்த மாதத்தில் இரண்டு முறை சிக்னலில் நின்றபடியே மரம்போலச் சாய்ந்துவிட்டான். இரண்டாவது முறை டெரெக்கையும் சேர்த்துச் சாய்த்தான்.

“ரெஜ், உங்களுக்கு ரெண்டு ஞாயிறு தர்றேன்,” என்றான் டெரெக். “ஷூவுக்கு மேல ஒழுங்கான உறை வாங்கி மாட்டுங்க. அப்பவும் கால் மரத்துச்சுன்னா மார்ச்சுல பாக்கலாம்.”

“இருக்கிற உறைக்கு என்ன?”

“முன்னாடி ஓட்டையா இருக்கு. டேப் சுத்தியிருக்கீங்க. அந்த டேப்பும் கிழிஞ்சிருக்கு.”

ரெஜ் அதை எடுத்துப் பார்த்தான். “ஆமா,” என்றான்.

புதன்கிழமை அவனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விட்டால் கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுவான். முதலில் சைக்கிள் கடை. தாடிக்காரக் கடைக்காரன் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தான். பளபளவென்று கறுப்பு. அறுபத்தைந்து பவுண்டு.

“இது காத்தக் கிழிச்சுட்டுப் போகும்,” என்றான்.

“இவனுக்கு எழுபத்திரண்டு வயசு. காத்தக் கிழிச்சுட்டு எங்க போகணும்?”

அந்த உறையை வாங்கி உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். கடைக்காரனுக்கு முகம் மாறியது. ஆனால் நான் முப்பத்தொரு வருஷம் செருப்பின் உள்பக்கத்தைப் பார்த்தவள். மேலே எவன் வேண்டுமானாலும் அழகு காட்டலாம். உள்ளே தையல் வெறுமனே ஓடியிருந்தது. ஊசி போன ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிந்தது. அதன் மேல் பட்டை ஒட்டவில்லை.

“இதுல தண்ணி வரும்.”

“வராதும்மா. வேகமாப் போறவங்க எல்லாரும் இதத்தான் போடுறாங்க.”

“அவங்களுக்குப் பின்னாடி உதவிக்கு ஒரு கார் வரும், கண்ணு. இவனுக்குப் பின்னாடி யாரும் வர்றதில்ல.”

அங்கிருந்து சந்தைக் கூடத்துக்குப் போனோம். நசீம் என்கிற பெண் மழைக்கோட்டும் மீன் பிடிக்கிறவர்கள் போடும் கால்சட்டையும் விற்கிறாள். ஒரு மூலையில் சைக்கிள் ஷூ உறைகளும் வைத்திருந்தாள். பதினான்கு பவுண்டு. கடலுக்குள் மூழ்குகிறவர்கள் போடும் உடையைத் தைக்கிற அதே பஞ்சு ரப்பர், தடிமனாக. திருப்பிப் பார்த்தேன். தையல் மேலெல்லாம் பட்டை ஒட்டியிருந்தது. ஜிப் பின்பக்கம், அதற்குப் பின்னால் தண்ணீர் தடுக்க ஒரு மடிப்பு. அடியில் ஒட்டுப்பட்டை அகலமாக இருந்தது. குதிகாலிலும் நுனியிலும் கெட்டித் துணி, நடந்தால் தேயாது. ஒரே குறை, நிறம். கண்ணைக் குத்துகிற மஞ்சள்.

“மஞ்சளா?” என்றான் ரெஜ்.

“நீ பள்ளத்துல விழுந்தா கண்டுபிடிக்கச் சுலபம்,” என்றேன்.

நசீம் சிரித்துவிட்டாள். “உங்க ஷூ என்ன சைஸ்?” என்று அவனிடம் கேட்டாள்.

“எட்டு.”

“அப்ப எட்டு எடுத்துக்குங்க.”

“பத்து குடு,” என்றேன். இந்தச் சைக்கிள்காரர்களுக்கு எல்லாம் தோலோடு ஒட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்களாம். ரெஜ்ஜும் எட்டைத்தான் ஷூவோடு இழுத்து மாட்டினான். ரப்பர் டம் என்று விறைத்தது.

“இறுக்கமா இருக்கா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் காலையே பார்த்தான். “தெரியல, மேவிஸ்,” என்றான்.

பத்தை வாங்கினோம்.

அடுத்த ஞாயிறு மழை. ஒரு மணிக்கு வந்தார்கள். ரெஜ்ஜின் மஞ்சள் உறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நானே கைவிட்டுப் பார்த்தேன். ஆனால் கால்விரல்கள் அதே மெழுகு. டெரெக் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு ஞாயிறு இருக்கு, ரெஜ்,” என்று மட்டும் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன், உறை எதை மூடுகிறது என்று பார்க்கவில்லை. ஷூவை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். அடியில் ஐந்து ஓட்டை, வெயில் காலத்தில் காற்று வருவதற்காக. கொக்கிக்கு இடம் விட்டு உறையின் அடியும் அங்கே திறந்திருக்கிறது. குளிர் மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்து நேராக ஏறியிருக்கிறது. அறுபத்தைந்து பவுண்டு உறையை மாட்டியிருந்தாலும் ஏறியிருக்கும்.

பிறகு ஷூவுக்குள் இருந்ததை வெளியே எடுத்தேன். ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸ், ரொட்டி சுற்றி வந்த ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு தடித்த கம்பளிச் சாக்ஸ். பை சகஜம், இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். இரண்டு சாக்ஸ்தான் என் கையை நிறுத்தியது. எட்டாம் நம்பர் ஷூவுக்குள் இத்தனையும் திணித்தால் ரத்தம் எந்த வழியாகப் போகும்?

திங்கட்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஓட்டைகளை உள்பக்கமிருந்து கெட்டி டேப்பால் அடைத்தேன். பழைய கம்பளிச் செருப்பின் அடியை வெட்டி மெல்லிய தகடாக உள்ளே வைத்தேன். கால்சட்டையின் நுனியை உறைக்கு மேலே விடச் சொன்னேன், உள்ளே சொருகினால் காலில் வழிகிற தண்ணீரெல்லாம் உறைக்குள்தான் இறங்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“இனிமே பை வேண்டாம். வேர்த்து ஈரமாகுது. சாக்ஸும் ஒண்ணுதான் போடணும்.”

“ரெண்டு,” என்றான்.

“ஒண்ணு. விரல ஆட்ட இடம் இருக்கணும்.”

“பெரில் ரெண்டுதான் எடுத்து வைப்பா.”

சனிக்கிழமை ராத்திரி மாடிப்படியின் கடைசிப் படியில் அவள் இரண்டு ஜோடியை மடித்து வைப்பாளாம். நாற்பத்தாறு வருஷம். அவள் போன பிறகு அவனே எடுத்து, அதே படியில் வைத்து, காலையில் போட்டுக்கொள்கிறான். இதைச் சொல்லும்போது அவன் குரல் பஸ் நேரம் சொல்வது போல இருந்தது.

நான் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது.

“பெரில் பண்ணது தப்பு, ரெஜ். குளிரும்னு அன்பாத்தான் பண்ணினா. ஆனா அந்த ரெண்டாவது சாக்ஸ்தான் உன் விரலக் கொல்லுது. முன்னாடி உனக்கு ரத்தம் ஓடுச்சு, தாங்குச்சு. இப்ப தாங்காது.”

அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

“வீட்டுக்குப் போ, மேவிஸ்.”

போய்விட்டேன். அந்த வாரம் அவன் வீட்டுத் திரைச்சீலை திறக்கவில்லை. நானும் போய்த் தட்டவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, திரும்பப் போய் மன்னிப்பு கேட்டால் அவன் இரண்டு சாக்ஸைப் போட்டுக்கொள்வான்.

ஞாயிறு உறைபனி. மேட்டுச் சாலை ஐஸ் என்று டெரெக் கூட்டத்தைத் தாழ்வான சாலையில் முப்பத்தைந்து மைல் கூட்டிக்கொண்டு போனான். ரெஜ் போனானா என்று எனக்குத் தெரியாது. கோப்பைகளைக் கழுவினேன், கழுவியதையே மறுபடியும் கழுவினேன். பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. ஏழாவதாக மஞ்சள் உறை உள்ளே வந்தது.

அவன் மூலைக்குப் போகவில்லை. நடு மேஜையில் உட்கார்ந்து காலை என் பக்கம் நீட்டினான். டெரெக் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றான். மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். ஜிப்பை இறக்கினேன், ஷூவைக் கழற்றினேன். ஒரே ஒரு சாக்ஸ். அதை உருவினேன். விரல்கள் சிவப்பாக இருந்தன, அழகில்லாத, பச்சை இறைச்சிச் சிவப்பு. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. பிடித்து அழுத்தினேன், வெள்ளையாகி உடனே சிவந்தது.

“விடு! வலிக்குது!” என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எந்த விரல்?”

“எல்லாமும்தான், மேவிஸ், விட்டுத் தொலை!”

யாரோ கை தட்டினார்கள். “செத்த விரல எழுப்பிட்டா கிழவி!” என்றான் ஒருத்தன். டெரெக் அந்தச் சுண்டுவிரலை இன்னொரு முறை குனிந்து பார்த்தான்.

“சிக்னல்ல எத்தன தடவ நின்னீங்க?”

“மூணு.”

“விழுந்தீங்களா?”

“நீதான பின்னாடி வந்த. பாத்தேல்ல.”

“அடுத்த வாரமும் ஒன்பது மணி,” என்றான் டெரெக். “லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவோம்.” ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கேக் பக்கம் போனான். மற்றவர்களும் போனார்கள்.

நான் தரையில் முட்டி போட்டிருந்தேன், எழுந்திருக்க நேரம் பிடித்தது. ரெஜ் குனிந்து என்னிடம் மட்டும் பேசினான்.

“ராத்திரி ரெண்டு ஜோடியும் படியில எடுத்து வச்சேன். காலைல ஒண்ணத் திரும்ப அலமாரில வச்சேன்.”

“வச்சப்ப ஏதாவது தோணுச்சா?”

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். “இல்ல. ஒண்ணுமே தோணல. அப்படித்தான் இருக்குமா?”

“ரொம்ப நாளைக்கு,” என்றேன்.

தலையாட்டினான். சாக்ஸைத் திரும்பக் காலில் ஏற்றினான். மெதுவாக, ஒவ்வொரு விரலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பீன்ஸ் இருக்கா?”

“இருக்கு.”

“சூடு பண்ணிக் குடு,” என்றான்.