திருவா, தெய்வத்திருவா

ஒருமுறை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டுமா பின்னால் போடவேண்டுமா என்று கேட்காமல் வந்தது ஞாபகம் வந்தது. கடை அடுத்த தெருவில்தான். திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே கடைக்காரரிடம் காலையா இரவா, தண்ணீரிலா பாலிலா, போன மாதம் கொடுத்ததும் இதுவும் ஒன்றுதானா என்றெல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இன்னொன்றும் கேட்டால் மனுஷர் என்ன நினைப்பார். அதனால் அந்த மாத்திரை தீரும்வரை பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன். எந்தப் பக்கம் தப்பாக இருந்தாலும் பாதித் தப்புதானே.

நான் இப்படித்தான். எதிரில் இருப்பவர் எவ்வளவு கேள்வி தாங்குவார் என்று உள்ளுக்குள் அளந்துகொண்டே இருப்பேன். புருவம் லேசாக ஏறினால் ஒன்றைக் குறைப்பேன். கை போன் பக்கம் போனால் இரண்டைக் குறைப்பேன். "இன்னும் ஏதாவது இருக்கா" என்று சிரித்துக்கொண்டே கேட்டால், மிச்சம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வந்துவிடுவேன்.

அப்படியும் கேட்டே ஆகவேண்டியதை "ஒரு சின்ன சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பேன். என் வீட்டுக்காரர் அதற்குத் தனியாகச் சிரிப்பார். "கல்யாணமாகி இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் என் மேல சந்தேகம் போவலியா" என்பார். நான் கேட்க வந்தது, நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பதற்கு அவர் வீட்டில் இருப்பாரா என்பது.

இப்படிப்பட்ட எனக்கு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல், கேள்வி கேட்பதே வேலையாக அமைந்தது.

பெண் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும், பகல் முழுவதும் வீட்டில் நானும் மிக்ஸியும்தான். பன்னிரண்டாவது முடித்துக் கல்யாணத்துக்குக் காத்திருந்த காலத்தில் தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டிருந்தேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில் ஆள் வேண்டும் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, உள்ளே போகாமல் அந்த வழியாகச் சில நாள் நடந்தேன். கடைசியில் கடைக்காரர்தான் வெளியே வந்து, "இன்னாம்மா, டெய்லி போறீங்க வர்றீங்க, பத்திரிகையா வேலையா" என்று கேட்டார். வேலை என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் நேர்முகத் தேர்வு முடிந்தது.

உள்ளே மெஷினைப் பார்த்துக்கொள்வது அவர். முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் விவரம் கேட்டு, டைப் அடித்து, சரிபார்க்கப் புரூஃப் அனுப்புவது நான். "ஒரு மாசம் பாப்போம்மா," என்றார். "உங்களுக்கு முன்னாடி இருந்த பொண்ணு கேக்காமலே அடிச்சிடும். மாப்பிள்ள இனிஷியல பொண்ணுக்குப் போட்டுச்சு. நின்னுடச் சொல்லிட்டேன். பத்திரிகைல தப்பு வந்தா காலத்துக்கும் நம்மளத்தான் திட்டுவாங்க. கேட்டு அடிங்க, அவ்ளோதான்."

அந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிடவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று யாரிடமும் சொல்லவில்லை. சக்கரம் வைத்த நாற்காலி, என் பக்கம் திரும்பிய ஃபேன், பதினொரு மணிக்குத் தானாக வரும் டீ. வீட்டில் நான் போட்டால்தான் டீ.

மற்ற கேள்விகள் எப்படியோ பழகிவிட்டன. முகூர்த்த நேரம், மண்டபம், மேலே பிள்ளையாரா பெருமாளா சிலுவையா, பேரில் வருவது 'க'வா 'கா'வா. ஒரே ஒரு கேள்விதான் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கச் சிரித்துக்கொண்டு வருகிறவரிடம், "உங்க அப்பா உயிரோட இருக்காரா" என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் கேட்காமல் பத்திரிகை அடிக்க முடியாது. இருந்தால் 'திரு', இல்லையென்றால் 'தெய்வத்திரு'.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். "அப்பா பேருக்கு முன்னாடி என்ன போடணும்?" என்று கேட்டேன். புரிந்துகொண்டவர்கள் சொல்லிவிடுவார்கள். புரியாதவர்கள் இனிஷியலைச் சொல்வார்கள். ஒருவர் 'அண்ணன்' போடச் சொன்னார், கட்சி வட்டத்தில் எல்லாரும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அப்போது சுற்றிவளைப்பேன். அப்பா என்ன வேலை, இப்போதும் அதே வேலையா, பத்திரிகை வைக்க அவரும் வருவாரா. ஒரு கேள்விக்குப் பயந்து நாலு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிய சில நாள்தான் பாக்கி. ஒரு மத்தியானம் திருவேற்காட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்தான். தன் கல்யாணத்துக்குத் தானே விவரம் சொல்ல வந்தவன். பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றான், உட்காரவில்லை. நடுநடுவே போன். "வந்துகினே கீறேன் மச்சான், அஞ்சு நிமிசம்" என்று அதில் சொல்வான். இங்கே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் பெண் வீட்டு விவரம் முழுவதும் கேட்டு, அவன் அம்மா அப்பா பேர் கேட்டு, மண்டபம் கேட்டு, ரிசப்ஷன் முதல் நாளா அன்றைக்கேவா என்று கேட்டபோது அவன் பெருமூச்சு விட்டான்.

"இன்னா ஆன்ட்டி இவ்ளோ கேள்வி. பொண்ணு ஊட்ல கூட இவ்ளோ கேக்கல."

எனக்கு முகம் சுட்டது. அப்பா பேருக்கு முன்னால் என்ன போடவேண்டும் என்று அடுத்து கேட்க இருந்தேன். அதை அப்படியே விழுங்கினேன். அவன் தானாகவே பேசினான்.

"எங்கப்பா இருந்தா நான் ஏன் ஆன்ட்டி இங்க வந்து நிக்கப்போறேன். எல்லாம் அவரே பாத்திருப்பாரு. அவரு போனதுல இருந்து எல்லாம் என் தலைலதான்."

வேறு என்ன வேண்டும். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. கேட்காமலே பதில் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதியும்கூட.

"கவலப்படாதீங்க தம்பி," என்றேன். "அவர் எங்கயும் போகல. கூடவேதான் இருக்காரு."

"இல்ல ஆன்ட்டி. போயிட்டாரு," என்றான்.

"கல்யாணத்தன்னைக்குப் பாருங்க, மேல இருந்து உங்கள ஆசீர்வாதம் பண்ணுவாரு."

"மேடைலயா? ஆமா, பண்ணுவாரு," என்றான். போன் அடித்தது. போய்விட்டான்.

சாயந்திரம் அவன் போனுக்குப் புரூஃப் அனுப்பினேன். தெய்வத்திரு என்று போட்டேன். கீழே அழைக்கிறவர்கள் இடத்தில் அம்மா பேரை மட்டும் போட்டேன். தெய்வமாகிவிட்டவர் வாசலில் நின்று அழைக்க முடியாதல்லவா. "எல்லாம் சரியா பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று கீழே எழுதினேன். "சூப்பர் ஆன்ட்டி" என்று உடனே பதில் வந்தது. தன் பேரையும் பெண் பேரையும் மட்டும் பார்த்திருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதை அப்படியே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான் என்பதும் தெரியாது.

மறுநாள் காலை கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். தோளில் பயணப் பை. தூங்காத கண். வெள்ளைச் சட்டை பஸ்ஸில் கசங்கியிருந்தது.

"பத்திரிகை விசயமா வந்தேம்மா. பையன் கல்யாணம்."

"சொல்லுங்கய்யா. உங்க பேரு?"

சொன்னார். எங்கேயோ கேட்ட பேராக இருந்தது. பையன் பேரைச் சொன்னார். கையிலிருந்த துடைப்பத்தை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"நல்லா பாத்துக்கோம்மா. கீறேன். கைய வேணா தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்க்காமலே நம்பிவிட்டேன். அவரே தொடர்ந்தார்.

"ஓசூர்ல கட்டிக் குடுத்த எம் பொண்ணு ஊட்டுக்குப் போயிருந்தேன், பத்து நாளு இருந்துட்டு வரலாம்னு. நேத்து ராத்திரி சாப்புட உக்காந்தேன். பாரிவாக்கத்துல இருந்து என் தங்கச்சி போன் பண்ணி என்கிட்டயே அழுவுது. 'எங்கண்ணன் எப்டி போனாரு'ன்னு கேக்குது. பஸ்லதான் வந்தேன்றேன். நான்தான் பேசுறேன்னு சொன்னா நம்பல. 'யாரா இருந்தாலும் சாவு ஊட்ல வெளையாடாத'ன்னு திட்டிட்டு வெச்சிடுச்சு. கெளம்பிட்டேன். பூந்தமல்லில எறங்கி நேரா இங்கதான். புரூஃப்ல குறுக்க உங்க கட பேரு போட்டிருந்துச்சே."

"ஐயா, மன்னிச்சுக்கங்க..."

"மேல என்ன சாமியாக்கிட்ட, அது சரி. கீழ அழைக்கிற எடத்துல என் பேரே காணோம். இவ்ளோ செலவு பண்றவன் நானு."

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் உள்ளே வந்தார். "இன்னா நைனா, காலைலயே. பத்திரிகையா?" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். என்னுடைய ஒரு மாதம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணே, இவர உயிரோட இல்லன்னு நான் அடிச்சிட்டேன். கேக்காம அடிச்சிட்டேன்."

கடைக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து புரூஃபைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மெஷின்ல ஏத்தலல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "ஏன் கேக்கல?"

பையன் என்ன சொன்னான் என்று சொன்னேன். 'எங்கப்பா இருந்தா', 'அவரு போனதுல இருந்து', எல்லாவற்றையும். நான் ஆசீர்வாதம் பற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை. பெரியவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துப் பையனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், அப்பா பேசுறேன். மேல இருந்து."

பதினைந்து நிமிடத்தில் பையன் தலை வாராமல் வந்து நின்றான். ராத்திரி முழுக்க அவனுக்கும் போன் வந்திருக்கிறது. அத்தை வீட்டுக் கூட்டம் மாலையோடு காலையில் வாசலுக்கே வந்துவிட்டதாம். மாலையை வீணாக்காமல் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"ஆன்ட்டி," என்றான் பரிதாபமாக. "இவ்ளோ கேள்வி கேட்டீங்களே. இத ஒண்ணக் கேக்கக் கூடாதா?"

"அந்தம்மாவ ஏன்டா கேக்குற," என்றார் பெரியவர். "நீ பேசுனதக் கேட்டா நானே செத்துட்டேன்னுதான் நெனைப்பேன். அப்பா ஓசூரு போயிருக்காருன்னு சொல்ல வாய் வலிக்குதா? சரிம்மா, உக்காரு. இனிமே என்னக் கேளு. இன்னா வேணாலும் கேளு."

உட்கார்ந்தேன். அவரை உயிரோடு மேலே ஏற்றினேன், கீழேயும் அழைக்க வைத்தேன். பெண் வீட்டு வரிக்கு வந்ததும் கை நின்றது. அங்கே பெண்ணின் அப்பாவுக்குத் திரு என்றிருந்தது. அதுவும் இந்தப் பையன் நின்றுகொண்டே சொன்னதுதான். கடைக்காரர் எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றேன். அப்புறம் அதை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன். "சம்பந்தி உயிரோட இருக்காரா?"

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. புருவம்கூட ஏறவில்லை. "கீறாரு, கீறாரு. சக்கர வியாதிய வெச்சிகினு ரெண்டு ஸ்பூன் சக்கர போட்டு காபி குடிக்கிறாரு. கல்யாணம் வரைக்கும் தாங்குவாரு. நீ திருவே போடு," என்றார்.

அவர்கள் போன பிறகு கடைக்காரர் உள்ளே போய் மெஷினைப் போட்டார். போகச் சொல்வாரா, மாதம் முடியட்டும் என்று விடுவாரா, ஒன்றும் தெரியவில்லை. டீ வந்தது. இதுதான் கடைசி டீயோ என்று ஊதி ஊதி மெதுவாகக் குடித்தேன்.

டீ பாதியில் இருக்கும்போது, தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை பார்க்க ஒரு பெண் வந்தாள். உள்ளே மெஷின் சத்தம் நின்றது. அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. "அப்பா இருக்காராம்மா, இல்ல காலமாயிட்டாரா?" என்று கேட்டேன்.

"போன சித்திரைல போயிட்டாருக்கா," என்றாள். அதோடு நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், என்ன சொன்னார், தங்கைக்கு எந்தக் கலர் புடவை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார், எல்லாம் சொன்னாள். யாரோ கேட்கட்டும் என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள். நான் தொந்தரவு செய்கிறேனோ என்று பார்க்க அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. முகூர்த்த நேரம் கேட்பதற்கே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

சாயந்திரம் கிளம்பும்போது கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அடுத்த மாசம் முகூர்த்தம் ஜாஸ்திம்மா. காலைல கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பினேன்.

"அண்ணே, சீக்கிரம்னா எத்தன மணிக்கு?"

ஒன்பது மணி என்றார். அவ்வளவுதான். புருவத்தை நான் பார்க்கவில்லை.